காணாமல் போன ஐயாயிரம் புள்ளிகள்

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வந்த அந்த மின்னஞ்சலில் சில வரிகள்தான் இருந்தன. “எட்டு மான்கள். ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையும் மணிக்கு ஒருமுறை இடத்தைப் பதிவு செய்கிறது. தொண்ணூறு நாளுக்கு 17,280 பதிவுகள் வரவேண்டும். உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 11,902தான் இருக்கின்றன. மீதி எங்கே?”

அனுப்பியவர் எரிவாயு நிறுவனத்தின் சாலைப் பொறியாளர். அடிக்குறிப்பில் ஒரு கமா தவறினாலும் கடிதம் எழுதுகிற மனிதர் என்பதால் வனவிலங்கு ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு ‘முழக்கோல்’ என்று பெயர். இத்தனைக்கும் அந்த அறிக்கை அவருடைய நிறுவனத்துக்குச் சாதகமாகவே வந்திருந்தது. பரிசாக வந்த சட்டையைப் புரட்டிப் போட்டுத் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் போலிருக்கிறது.

அறிக்கையை எழுதியவளை அலுவலகத்தில் ‘புள்ளி’ என்று கூப்பிடுவார்கள். மான்கள் போன இடங்களுக்கெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைப்பது அவள் வேலை. “காட்டுல மேயுறது எட்டு, கம்ப்யூட்டர்ல மேயுறது ஒண்ணு” என்று ஜீப் டிரைவர் கேலி செய்வார்.

அவள் வைத்த புள்ளிகளை நம்பித்தான் வெள்ளிக்கிழமை ஒரு முடிவு எடுக்கப்படவிருந்தது. ஊருக்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில் இரண்டு வருடமாகப் பன்னிரண்டு எரிவாயுக் கிணறுகள் ஓடுகின்றன. அந்த மேட்டை ஒட்டி, வெயில் தரையில் விழாத அளவுக்கு மரம் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவே சாலை போட்டு, அந்தப் பக்கமும் கிணறு தோண்ட நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. புள்ளியின் வரைபடத்தில் கிணறுகளைச் சுற்றி எறும்பு மொய்த்ததுபோல் புள்ளிகள். பள்ளத்தாக்கில் வழித்துவிட்டதுபோல் வெறுமை. ‘மான்கள் கிணறுகளுக்குப் பழகிவிட்டன. பள்ளத்தாக்கை அவை அநேகமாகப் பயன்படுத்துவதில்லை’ என்று அவள் கைப்பட எழுதியிருந்தாள். நிலப் பயன்பாட்டுக் குழு வெள்ளிக்கிழமை கூடி முத்திரை குத்தினால் திங்கட்கிழமை மரம் வெட்டத் தொடங்குவார்கள்.

“இவருக்கு வேற வேலையே இல்லையா?” என்று முணுமுணுத்தபடி பதில் எழுத உட்கார்ந்தாள். பதில் சுலபமானதுதான். பட்டை சில நேரம் செயற்கைக்கோளைப் பிடிக்காது. அப்போது அந்த மணிக்கு உரிய வரி காலியாக வரும். காலி வரிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. அரிசி களையும்போது கல்லைப் பொறுக்கிப் போடுவதுபோல, கண்ணைக்கூட அதில் வைக்க வேண்டாம், கை தானாகச் செய்யும். பழகிய இரண்டு பொத்தான்களைத் தட்டினால் வேலை முடிந்தது.

‘மீதி காலி வரிகள்’ என்று தட்டியவள், அனுப்பும் முன் எண்ணிக்கையைப் போட்டுவிடலாமே என்று கழித்துப் பார்த்தாள். ஐயாயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டு.

பத்தில் மூன்று பங்கு! களைந்தபோது இவ்வளவு கல்லா விழுந்தது? அரிசியே அல்லவா போயிருக்கிறது!

அந்த அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே யாரோ டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்க, மேஜையில் இருந்த டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது. அவள் மூலக் கோப்பைத் திறந்து, நீக்கிய காலி வரிகளை மறுபடி அதனதன் இடத்தில் வைத்தாள். காலி வரியில் இடம் இருக்காது. ஆனால் நேரம் இருக்கும், பட்டை எண் இருக்கும். முதலில் நேரவாரியாக அடுக்கினாள்.

காலி வரிகள் சிதறிக் கிடக்கவில்லை. பெரும்பாலானவை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்கு முடிந்தன. வார நாட்களில் பகல் நேரப் பதிவுகள் நாலில் மூன்று பங்கு காணோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழில் ஒன்றுதான் காணோம்.

காலை ஏழரைக்கு லாரிகள் ஓட ஆரம்பிக்கும். ஐந்துக்கு நிற்கும். ஞாயிறு லாரி கிடையாது.

அடுத்து ஒவ்வொரு காலி இடைவெளிக்கும் முன்னால் வந்த கடைசிப் புள்ளியையும் பின்னால் வந்த முதல் புள்ளியையும் மட்டும் எடுத்து வரைபடத்தில் போட்டாள். போட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். பள்ளத்தாக்கின் விளிம்பு நெடுக, கோலப்பொடியால் கோடு இழுத்ததுபோல் புள்ளிகள். எட்டு மான்களும் அப்படியே. காலையில் விளிம்பில் காணாமல் போகின்றன, மாலையில் அதே விளிம்பில் முளைக்கின்றன.

“பழகவே இல்லை!” என்று சத்தமாகச் சொன்னாள். “இதுங்க பழகவே இல்லை! லாரி ஓடுற நேரம் பூரா உள்ள போய் ஒளிஞ்சுக்குது!”

அடுத்த மேஜையில் ஜீப்பின் பயணப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்த டிரைவர் தலையைத் தூக்கினார். “யாரு மேடம்? நம்ம ஆபீஸ்லயா?”

*

தலைமை ஆய்வாளர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அறிக்கையில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

“இதை மூணு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?”

“மூணு மாசம் முன்னாடி எனக்கே தெரியாதே சார்.”

“பட்டை பழுதாகியும் இருக்கலாம் இல்லையா? பேட்டரி?”

“எட்டும் ஒரே நேரத்துலயா சார்? அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்கிட்டு?”

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “சரி. நீ சொல்றது, பள்ளத்தாக்குல மரம் அடர்த்தி, அதனால பட்டைக்கு வானம் தெரியல, அதனால நாம மான் இல்லைன்னு நெனச்சுட்டோம். அதானே?”

“அதேதான் சார்.”

“தப்புன்னா தப்புன்னு குழு முன்னாடி நின்னு நானே சொல்றேன். அதுல எனக்கு வெக்கம் இல்லை. ஆனா ‘இருக்கலாம்’னு சொல்லிட்டு அங்க நிக்க முடியாது. கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ‘இருக்கு’ன்னு வேணும்.”

அன்று மாலை வீட்டில் அவள் பாத்திரம் தேய்த்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். கணவர் குழாய் பதிக்கும் பணியில் வெல்டர், அதே எரிவாயு நிலத்தில்தான் வேலை. கண் சிவந்து, சட்டைக் கையில் தீப்பொறி பட்ட பொத்தல்களோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

“அப்போ நான் தினம் பார்க்கிற மான்?” என்றார்.

“எப்போ பார்க்கிறீங்க?”

“காலையில ஷிஃப்டுக்குப் போறப்போ. கிணத்துப் பக்கம் புதுசா புல்லு போட்டிருக்காங்கல்ல, அதுல நிக்கும். முதல் லாரி ஹாரன் அடிச்சதும் எல்லாம் ஒரே ஓட்டம்.”

அவள் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. “ரெண்டு வருஷமா பார்க்கிறீங்க. ஒரு நாள் சொன்னீங்களா?”

“நீ கேட்டியா? வீட்டுக்கு வந்தா உன் மானுக்குத்தான் பாதி நேரம் போகுது, நானும் அதையே பேசணுமா?”

அவள் அவர் மேல் தண்ணீரைத் தெளித்தாள். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெல்டர் கண்ணால் பார்த்தது குழுவுக்குச் சாட்சியாகாது. ஆனால் அவளுக்கு அது போதும். மறுநாள் எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது.

*

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஜீப் மேட்டு நிலத்தில் ஏறியது. பின்னால் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, யாருக்கும் மாட்டாத மாற்றுப் பட்டை. இன்னொன்று, ஒரு ரேடியோ கருவியும் மீன் முள் போன்ற அதன் ஆன்டெனாவும். ஒவ்வொரு பட்டையும் செயற்கைக்கோளோடு பேசுவது போக, தனக்கென்று ஒரு அலைவரிசையில் ‘டொக், டொக்’ என்று ரேடியோ ஒலியும் அனுப்பும். மான் படுத்திருந்தால் மெதுவாக, நடந்தால் வேகமாக. மரம் அடர்ந்திருந்தாலும் அது கேட்கும். கழன்று விழுந்த பட்டையைத் தேடுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவார்கள். உட்கார்ந்த இடத்தில் புள்ளி வந்து சேரும்போது, ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது?

“முதல்ல பட்டையைச் சோதிக்கணும்” என்றாள் புள்ளி. “நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவு பண்ற மாதிரி மாத்தியிருக்கேன். மேட்டுல ஒரு மணி நேரம், பள்ளத்தாக்குல ஒரு மணி நேரம். தரையில வெக்கக் கூடாது, மான் கழுத்து உயரத்துல இருக்கணும், நடக்கணும்.”

டிரைவர் பட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “மேடம், நீங்க என்னை அப்படிப் பார்க்காதீங்க.”

“உங்க கழுத்துக்குச் சரியா இருக்கும் அண்ணே.”

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. பெரியவளுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கேன். யாராவது போட்டோ எடுத்தா?”

“கொஞ்சம் குனிஞ்சு நடந்தா போதும். பெரிய மரியாதையான மான் மாதிரி இருப்பீங்க.”

புலம்பிக்கொண்டே மாட்டிக்கொண்டார். மேட்டு நிலத்தில் குனிந்து நடந்தவரைக் கடந்து சென்ற லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அந்த மணி நேரத்தில் அறுபதுக்கு ஐம்பத்தெட்டு பதிவு விழுந்தது.

பிறகு பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். பத்தடி இறங்கியதும், மேட்டில் எரிவாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் இரைச்சல் கதவு சாத்தியதுபோல் நின்றது. நின்றதும்தான் அது இதுவரை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவளுக்கு உறைத்தது. மேலே கிளைகள் கூரையாகப் பின்னியிருந்தன. கால் வைத்த இடமெல்லாம் இலைச் சருகு. சருகில் வட்ட வட்டமாக அழுந்திய பள்ளங்கள். புள்ளி மண்டியிட்டு ஒன்றில் கை வைத்தாள்.

“அண்ணே! சூடா இருக்கு!”

“என்னது?”

“படுக்கை! மான் படுத்திருந்த இடம்! இப்பத்தான் எழுந்து போயிருக்கு!”

டிரைவரும் கை வைத்துப் பார்த்தார். வெட்கமெல்லாம் போய், கழுத்தில் பட்டையோடு அவரே அடுத்த படுக்கையைத் தேட ஆரம்பித்துவிட்டார். “இங்க ஒண்ணு! மேடம், இங்க மூணு! இது படுக்கையறை இல்ல, லாட்ஜ்!” ஒரு மணி நேரத்தில் அவர்கள் எண்ணியது நூற்றுப் பதினெட்டு.

மேலேறி வந்ததும் பட்டையைக் கழற்றிக் கணினியோடு இணைத்தாள். அறுபது பதிவுக்கு மூன்று.

“அப்ப மீதி ஐம்பத்தேழு நிமிஷம் நான் எங்க இருந்தேன்?” என்றார் டிரைவர்.

“எங்கேயும் இல்லை. என் அறிக்கைப்படி நீங்க இந்தப் பள்ளத்தாக்கைப் பயன்படுத்தவே இல்லை.”

“அடப்பாவி! முள்ளு குத்தின காலுக்கு யார் பதில் சொல்றது?”

பட்டைக்கு வானம் தெரியவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. மான்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதற்கு இன்னும் ஒரு படி பாக்கி. பகல் பன்னிரண்டு மணி. மேட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் விளிம்பில் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அலைவரிசையைத் திருப்பினாள். மேட்டுப் பக்கம் ஆன்டெனாவைக் காட்டினாள். வெறும் இரைச்சல். மெல்லப் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பினாள்.

டொக். டொக். டொக்.

“ஒண்ணாம் நம்பர்!” என்று கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் எண், அதே திசை. மூன்று. நான்கைக் காணோம். ஐந்து, ஆறு. ஒவ்வொரு எண்ணுக்கும் டிரைவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஏழு கிடைக்கவில்லை. எட்டை முதலில் தவறவிட்டாள். பத்தடி தள்ளிப் போய் நின்றதும் காதுக்குள் தெளிவாக விழுந்தது. எட்டுக்கு ஆறு, நட்டநடுப் பகலில், தன் வரைபடம் வெறுமை என்று சொன்ன இடத்தில்!

அவள் டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். விட்டிருந்தால் குதித்திருப்பாள்.

*

குழு கூடிய மண்டபத்தில் மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. முன்வரிசையில் நிறுவனத்தார், பின்னால் ஊர்க்காரர்கள். நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து உறுப்பினர்கள். நடுவில் இருந்த குழுத் தலைவி தொழிலில் பல் மருத்துவர். மதியத்துக்கு மேல் நோயாளிகள் காத்திருப்பார்கள் என்பதால் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்.

தலைமை ஆய்வாளர் சொன்னபடியே எழுந்து, “எங்கள் அறிக்கையில் பெரிய தவறு இருக்கிறது. அதை எழுதியவரே விளக்குவார்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புள்ளி எழுந்தாள். முதல் வாக்கியம் திக்கியது. வரைபடம் திரையில் விழுந்ததும் மடை திறந்துவிட்டது.

முடித்ததும் நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். “வியாழக்கிழமை ஒரு நாள் ஏதோ சத்தம் கேட்டாங்களாம். போன வாரம் வரைக்கும் மான் அங்க இல்லை, இந்த வாரம் இருக்கு. அடுத்த வாரம் என்ன சொல்லுவாங்க? பதிவு இல்லாத இடத்துல மான் இருக்குன்னு எப்படி ஏத்துக்கிறது?”

“எக்ஸ்ரேயில படம் விழலைன்னா வாயில பல்லே இல்லைன்னு நான் எழுதிடுவேனா?” என்றார் தலைவி. பின்வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சாலைப் பொறியாளர் பக்கம் திரும்பினார். “காணாமல் போன பதிவுகளைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே?”

முழக்கோல் எழுந்து நின்றார். தன் வழக்கறிஞர் தன்னை முறைப்பது தெரிந்தும் கோட்டுப் பொத்தானை நிதானமாகப் போட்டார். “நான் எண்ணிக்கை சரியில்லைன்னுதான் கேட்டேன். இப்போ சரியா வருது.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்குத் தோணுறதெல்லாம் கணக்கு இல்லை மேடம். போய்ப் பார்த்தா தெரிஞ்சிடும். இங்கேயிருந்து இருபது நிமிஷம்.”

தலைவி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினார். “என் நோயாளிங்களுக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லுங்க. வலிக்கிறவங்க மட்டும் இருக்கட்டும்.”

பன்னிரண்டே முக்காலுக்கு நான்கு வண்டிகள் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றன. உறுப்பினர்கள் அலுவலகச் செருப்போடு புழுதியில் இறங்கினார்கள். புள்ளி ரேடியோ பெட்டியை எடுத்தாள். நேற்று ஆறு இருந்தது, இன்று ஒன்றுகூட இல்லாமல் போனால்? பெட்டியைத் திறந்து ஹெட்போனைத் தலைவியின் காதில் மாட்டினாள். முதல் அலைவரிசையில் ஒன்றுமில்லை. இரண்டிலும் இல்லை. வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார்.

மூன்றைத் திருப்பினாள். தலைவியின் புருவம் உயர்ந்தது.

“டொக்கு டொக்குன்னு கேக்குது.”

“மூணாம் நம்பர் மேடம். மெதுவா கேக்குதா? படுத்திருக்கு. நீங்க பார்த்துக்கிட்டு இருக்கிற அந்த மரத்துக் கூட்டத்துலதான்.”

தொடர்ந்து ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. தலைவி ஒவ்வொன்றையும் தன் காதாலேயே கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். “அஞ்சு இருக்கு. சரி. ஆனா இதுங்க லாரிக்குப் பயந்துதான் உள்ள இருக்குதா, இல்லை பகல்ல தூங்குற வழக்கமா?”

அது நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைச் சொல்ல புள்ளி வாயைத் திறந்தாள். அதற்குள் பொறியாளர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்துவிட்டார். “ஒரு மணிக்கு டிரைவருங்க மாறுவாங்க. அரை மணி நேரம் லாரி ஓடாது. அதை ஒரு மணி நேரமா நீட்டச் சொல்றேன். கம்ப்ரசரையும் அணைக்கச் சொல்றேன்.”

“இதுக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்றார் வழக்கறிஞர்.

“தளத்துல நான்தான் பொறுப்பு. நீங்க வேணும்னா கடிதம் எழுதுங்க.”

லாரிகள் ஒவ்வொன்றாக நின்றன. கம்ப்ரசர் இழுத்து மூச்சுவிட்டு அடங்கியது. காற்று மட்டும் புல்லைத் தடவிக்கொண்டு போனது. எல்லோரும் வண்டிகளின் மறைவில் குந்தியிருந்தார்கள். பத்து நிமிடம். பதினைந்து. ஓர் உறுப்பினருக்குத் தும்மல் வர, டிரைவர் பாய்ந்து தன் துண்டால் அவர் மூக்கைப் பொத்தினார்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் தலைவி புள்ளியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது.

“வேகமாகுது” என்று கிசுகிசுத்தார். “மூணாம் நம்பர். வேகமா அடிக்குது.”

“எழுந்துடுச்சு மேடம்! நடக்குது!”

“எந்தப் பக்கம்?”

புள்ளி ஆன்டெனாவை அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள். தலைவி கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டி, சட்டென்று நிறுத்தினார். ஆன்டெனாவின் நுனி விளிம்பை நோக்கி இருந்தது. அவர்களுக்கு இருநூறு அடி தள்ளி, கிளைகளுக்கு நடுவே, முதலில் இரண்டு காதுகள் வெளியே வந்தன. பிறகு முகம். பிறகு கழுத்தில் பழுப்புப் பட்டையோடு ஒரு பெண் மான், வெயிலில் கால் வைத்து, ஓடாத லாரிகளைப் பார்த்து நின்றது. பின்னாலேயே பட்டை இல்லாத இன்னும் இரண்டு.

வழக்கறிஞர்கூட வாயைப் பிளந்தபடி எட்டிப் பார்த்தார்.

தலைவி ஹெட்போனைக் கழற்றாமலே கையை நீட்டினார். யாரோ சாலைத் திட்ட வரைபடத்தைக் கொடுத்தார்கள். ஜீப்பின் பக்கவாட்டில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பொறியாளரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “பள்ளத்தாக்கைத் தொடாம, மேட்டைச் சுத்திப் போனா எவ்வளவு தூரம் கூடும்?”

“நாலு கிலோமீட்டர், முந்நூறு மீட்டர்.” அவர் யோசிக்கவே இல்லை. எப்போதோ அளந்து வைத்திருக்கிறார்.

“போட முடியுமா?”

“போடலாம். சரிவு கொஞ்சம் அதிகம். போடலாம்.”

தலைவி மற்ற நால்வரையும் பார்த்தார். மூவர் தலையசைத்தார்கள். தும்மல்காரர் துண்டுக்குள்ளிருந்தே கையைத் தூக்கினார். பள்ளத்தாக்கின் நடுவே போன சிவப்புக் கோட்டைப் பேனா இரண்டு முறை குறுக்கே அடித்தது. கீழே ‘அனுமதி இல்லை. சுற்றுப் பாதைக்குப் புதிய வரைவு தருக’ என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டார்.

புள்ளிக்குக் கண் கலங்கியது. ஹெட்போனை வாங்கக் கை நீட்டினாள்.

“இருங்கம்மா” என்றார் தலைவி, காதைப் பொத்திக்கொண்டு. “அஞ்சாம் நம்பரும் எழுந்திருச்சு.”